கமலவேணி வீட்டு உபயம்

செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்று மணல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஆற்றங்கரைக் காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்த கங்கையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அக்காலனியின் பள்ளிக்கூடம் நடந்தது பெரும்பாலும் அவரால்தான். பள்ளியின் பெற்றோர் சபைக்கு அவர் தலைவி. சபை அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் கங்கையம்மாள் நிற்பார்.

பிழைப்பு பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறை ஒன்றில். கொதிநீரில் பசை நீக்கிய பட்டு நூலின் சுருள்களான கழிகளைச் சாயத் தொட்டியில் முக்குவதும், அலசிப் பிழிந்து கொடியில் விரிப்பதும் அவர் வேலை. அதனால் முழங்கை வரை அன்றன்றைய நிறம் ஏறியிருக்கும். மாலையில் அவர் திரும்பி வரும்போது தெருப் பிள்ளைகள் கையைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இன்னிக்கி அரக்கா?" என்று கூவுவார்கள். கணவர் வீரபத்திரன் மாட்டு வண்டியில் ஆற்று மணல் ஏற்றி நகருக்குள் கொண்டுபோய் இறக்குபவர். ஒரே மகள் பொன்னி. அவள் காலனிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்துவந்தாள்.

பள்ளியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது கீற்றுக் கொட்டகையில் நடந்த ஓராசிரியர் பள்ளி. ஆசிரியர் நமச்சிவாயம் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். மதிய உணவுக்கென்று அரசு தந்த தானியம் போதாது; மீதியை ஊரார் தர வேண்டும். சமைக்கவும் தண்ணீர் தூக்கவும் ஆள் கிடையாது. எனவே பெற்றோரைக் கூட்டி, ஒவ்வொரு நாளும் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியர்.

"முறைன்னு ஏன் சொல்ற வாத்தியாரே? உபயம்னு சொல்லு" என்றார் வீரபத்திரன். "நமக்கும் ஒரு உபயம் இருக்குதுன்னு சொல்லிக்கலாமில்ல!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கசப்பும் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் உற்சவத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயமாக நடக்கும். அன்றைய செலவு அவர்களுடையது. முதல் மரியாதையும் அவர்களுக்கே. அந்த வரிசையில் ஆற்றங்கரைக் காலனியின் வீடு எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. வைகாசியில் கருட சேவைக்கு இவர்கள் தெருக்கோடியில் நின்று, தலைகளுக்கு மேலாகக் குடையின் நுனியைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆகவே உபயம் என்ற சொல்லைத் தங்கள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருந்தது.

உபய வீட்டார் விடியற்காலையில் குளித்துவிட்டு வருவார்கள். கொட்டகையைப் பெருக்கித் தண்ணீர் நிரப்பி, தங்கள் வீட்டு அரிசியும் சேர்த்துச் சமைப்பார்கள். பிற்பகல் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்து அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு உரிய மரியாதை, பள்ளி மணி அடிப்பது. புங்க மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். ரயில் பாதையில் வேலை செய்த அந்தோணி எங்கிருந்தோ கொண்டுவந்தது. இரும்புக் கம்பியால் அதை அடிக்கும் ஓசை செவிலிமேடு வரை கேட்கும். பொங்கலுக்குக் காத்திருப்பதைவிட ஆவலாகப் பிள்ளைகள் தங்கள் வீட்டு உபயத்துக்குக் காத்திருப்பார்கள்.

கோயிலிலிருந்து பெயரை எடுத்தவர்கள், யாரும் தீர்மானிக்காமலேயே கோயிலின் ஒழுங்குகளையும் எடுத்துக்கொண்டார்கள். சமைக்குமிடத்தில் செருப்பு கூடாது என்றாயிற்று. பிள்ளை பெற்ற வீட்டின் முறை தள்ளிப்போயிற்று. அவை ஒருவரையும் வருத்தவில்லை. ஆகவே ஒருவரும் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

1966ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அதே காலனியைச் சேர்ந்த முனிரத்தினம் மஞ்சள் காமாலையால் இறந்தார். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. தங்கள் வீட்டு உபயத்தன்று மனைவியை வயல் வேலைக்கு அனுப்பிவிட்டுத் தாமே வந்து சமைப்பவர். கஞ்சியில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, இது மருந்து" என்பார். அவர் மனைவி கமலவேணி. மகள் ரேணுகாம்பாளைப் பள்ளியில் எல்லாரும் ரேணுகா என்றார்கள். ரேணுகாவும் பொன்னியும் ஒரே வகுப்பு. அடுத்த ஆனியில் இருவரையும் நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதென்று நமச்சிவாயம் முடிவு செய்திருந்தார். காலனியிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. "கணக்குல ரேணுகா என்னையே திருத்துறா" என்று அவர் சபையில் சொன்னபோது, முனிரத்தினம் வெட்கத்துடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பலரும் நினைவு வைத்திருந்தனர்.

காரியம் முடிந்த மறுநாளே ரேணுகா பள்ளிக்கு வந்துவிட்டாள். கார்த்திகையில் அவர்கள் வீட்டு உபயம் நெருங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு, குடிநீர்க் கிணற்றடியில் தில்லையம்மாள் கங்கையம்மாளை நிறுத்தினார். தில்லையம்மாள் கங்கையம்மாளின் எதிர் வீட்டுக்காரர். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்.

"ஏ கங்கா, நாளான்னிக்கி கமலவேணி வூட்டு உபயமாமே?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. சாவு வூடு. வருசம் திரும்புற வரைக்கும் கோயில் படியே மிதிக்கக்கூடாதுன்றாங்க. இதுல, தாலி எறங்கி மாசம் ஒண்ணு ஆவல, அவ கையால பசங்களுக்குச் சோறு... நா சொல்லலம்மா, நாலு பேரு சொல்லுது."

"யாரு அந்த நாலு பேரு? நீ, உன் மாமியாரு, அப்பால?"

"சிரிக்காத. நீ தலைவி. பாத்துச் செய்யி."

கங்கையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவர் மனத்தில் ஒரு முடிவு உருவாகிவிட்டது. கணவனை இழந்து துவண்டிருப்பவளை ஏன் சமைக்கச் சொல்ல வேண்டும்? கோயிலில்கூடச் சாவு வீட்டுக்கு ஓராண்டு விலக்குக் கொடுக்கிறார்கள்; அது இரக்கம்தானே? இப்படியே அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். தில்லையம்மாளைப் போலவே தமக்கும் அந்தத் தீட்டு உள்ளூர நெருடியது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாலையில் கமலவேணியின் வீட்டுக்குச் சென்றார். கமலவேணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"வா அக்கா. நாளான்னிக்கி எங்க மொறன்னு இப்பவே கல்லு பொறுக்கிக்கினு இருக்கேன். அவரு இருந்தா வெல்லம் கில்லம் போட்டு எதனா செய்வாரு. எனக்கு அதெல்லாம் வராது. சாம்பாரு தான்."

"அத்த பேசத் தாம்மா வந்தேன். இப்ப நீ ஏன் கஷ்டப்படுற? ஒரு வருசம் போவட்டும். உன் வூட்டத் தாண்டி அடுத்த வூட்டுக்கு வெச்சுக்கலாம்."

"எனக்கு இன்னாக்கா கஷ்டம்? சோறு தானே ஆக்கணும்."

"கோயில்லயே அப்டி தானேம்மா. சாவு வூட்டுக்கு வருசம் திரும்பாம உபயம் கெடையாது."

முறம் நின்றது. "இது சபையில சொன்னாங்களா?" என்று கேட்டார் கமலவேணி.

சபை கூடவே இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணத்தில் கங்கையம்மாள், "ஆமாம்மா, சபையே சொல்லிடுச்சு" என்றார். அப்படிச் சொன்னால் தம்மீது வருத்தம் வராது என்று தோன்றியது.

"சரி" என்றார் கமலவேணி. புடைத்த அரிசியை மீண்டும் பானையில் கொட்டினார்.

வரிசைப்படி அடுத்த வீடு கங்கையம்மாளுடையது. அதை அவர் முன்னமே எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியபோது, வேறு வீட்டுக்கு மாற்றினால் மேலும் நாலு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டார். தீட்டு என்பதால் முறை மாறியதாகத் தாய் தந்தையிடம் சொன்னதைப் பொன்னி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்று இரவே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

உபய நாள் காலையில் கங்கையம்மாள் கொட்டகையின் பின்புறம் அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தார். விறகு ஈரம், புகை எழுந்தது. அந்தப் புகையினூடே ரேணுகா ஓடி வருவது தெரிந்தது. துவைத்த பாவாடை, இறுக்கிப் பின்னிய சடை. அவள் நேரே புங்க மரத்தடிக்கு ஓடினாள். அங்கே பொன்னி ஏற்கெனவே கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கி எங்க வூட்டு உபயம்டி. உங்க வூடு தீட்டாம்" என்றாள் பொன்னி. அதில் கெடுதல் எண்ணம் இல்லை; வீட்டில் கேட்டதைச் சொன்னாள். பிறகு மணியை அடித்தாள்.

மணி ஓயும் வரை ரேணுகா அசையாமல் நின்றாள். பிள்ளைகள் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். கங்கையம்மாள் கையில் கரண்டியுடன் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு எட்டு வைத்தால் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டிருக்கலாம். 'சோறு அடி பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம்' என்று திரும்பிக் கிளறினார். சாப்பாட்டு வரிசையில் ரேணுகா இல்லை.

மறுநாளும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், வழக்கப்படி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய கங்கையம்மாள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

வாரக் கடைசியில் நமச்சிவாயம் அவரை வழியில் பார்த்து சைக்கிளை விட்டு இறங்கினார். "ரேணுகா ஏம்மா வரல? உடம்பு சரியில்லையா?"

"அப்பன் போன துக்கம் சார்."

"காரியம் முடிஞ்ச மறுநாளே வந்த பொண்ணு ஆச்சேம்மா. கொஞ்சம் பாருங்க. நீங்க போனா வந்துடுவா."

கங்கையம்மாள் தலையாட்டினார். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று சேர்ந்துவிட்டதை உணர்ந்தார். அன்று பட்டறையில் தொட்டியில் முக்கிய கழிகளை எடுக்க மறந்தார். அரக்கு கறுத்துப்போய், முதலாளி எல்லார் முன்னிலையிலும் ஏசினார். அந்த ஏச்சு அவருக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. வேறொன்றுக்காக யாரேனும் தம்மை ஏச வேண்டும் என்று சில நாளாகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

செய்தியைப் பொன்னிதான் கொண்டுவந்தாள். "யம்மா, ரேணுகா சின்ன காஞ்சிபுரத்துல தறி வூட்டுக்குப் போறாளாம். தார் சுத்தறதுக்கு. இனிமே பள்ளிக்கூடம் கெடையாதாம்." தறி ஓட்டுகிறவருக்கு, குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடாவில் வைக்கும் சிறு குழலில் இராட்டையால் நூலைச் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுதல். அந்த இராட்டை முன் உட்கார்ந்த பெண் பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வந்ததைக் காலனியில் யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையே கங்கையம்மாள் போனார்.

"வாங்க தலைவியம்மா" என்றார் கமலவேணி.

"அக்கான்னு கூப்புடுற வாய்க்கு இன்னா ஆச்சு?"

"நாங்க ஆகாத வூடு. சபையே சொல்லிடுச்சு. அப்பறம் அக்கா இன்னா, தங்கச்சி இன்னா?"

"கோவம் எம்மேல இருக்கட்டும்மா. பொண்ண அனுப்பு. இன்னும் ஆறு மாசம்."

"அனுப்புனேனே. நல்லா தல பின்னி அனுப்புனேன். நம்ம மொற இல்லடின்னு சொல்ல எனக்கு வாய் வரல. போயித் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன். அது என் தப்பு." கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திரும்பி வந்து ஒண்ணு கேட்டா. 'யம்மா, அப்பா செத்தது எம்மேல ஒட்டிக்கினு இருக்குதா?'ன்னு கேட்டா. நா இன்னா சொல்றது? நீங்களே சொல்லுங்க. சபையில எழுதி வெச்சிருப்பீங்க, படிச்சுக் காட்டுங்க."

கங்கையம்மாளுக்குப் படிக்கத் தெரியாதென்பது கமலவேணிக்கு நன்றாகத் தெரியும். சபை எதையும் சொல்லவில்லை என்பதைக் கங்கையம்மாள் அப்போதும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

சபை சொன்னதாகக் கமலவேணியிடம் கூறியதை இரவில் கணவரிடம் சொன்னார். வீரபத்திரன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"சபையா? சபையில நானும் ஒருத்தன் தானே? எப்ப கூடுனோம்?"

"கூடல."

அவர் வைக்கோலை உதறிப் போட்டு முடித்தார். "உபயம்னு பேரு வெச்சது நான்" என்றார் கடைசியில். "ஆனா அது வெளாட்டுக்கு வெச்சது கங்கா. நாம கட்டுனது கோயிலா, பள்ளிக்கூடமா?"

கங்கையம்மாளுக்குச் சிறு வயது நினைவு ஒன்று உண்டு. நகரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் தாயுடன் தண்ணீர் கேட்டு நின்றார். சாக்கடை ஓரம் உட்காரச் சொல்லி, உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். ஏன் என்று இவர்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தாமாவது கமலவேணியிடம் ஒரு காரணம் சொன்னோமே என்று எண்ணிப் பார்த்தார். சொன்ன காரணம் பொய் என்பதால், ஒன்றும் சொல்லாத அந்த வீட்டாரைவிடத் தாம் எந்த வகையிலும் மேலல்ல என்றே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சபையைக் கூட்டினார். புங்க மரத்தடியில் இருபது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணி வரவில்லை. கங்கையம்மாள் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

முதலில் பேசியவர் தில்லையம்மாள். "நாலு பேரு சொன்னத நா உங்கிட்ட சொன்னேன். சபை சொல்லிச்சுன்னு சொல்லச் சொன்னனா? என்ன இதுல இழுக்காத."

"இழுக்கல. அது என் வாயில வந்த பொய். நீ சொல்லலன்னாலும் நா அப்டித்தான் செஞ்சிருப்பேன்."

பின்வரிசையில் இருந்தவர் சிலர் முணுமுணுத்தார்கள். பொய் தவறுதான், ஆனால் வழக்கம் வழக்கம்தானே என்பது அவர்கள் பேச்சு. அந்தோணி எழுந்தார்.

"எங்க மாதா கோயில்ல சாவு வூட்டுக்காரனத் தான் மொத வரிசையில குந்த வெப்பாங்க. நீங்க தள்ளி வெக்கிறீங்க, சரி, அது உங்க கோயிலு. இங்க எந்தச் சாமி இருக்குதுன்னு தீட்டு பாக்குறீங்க? நம்ம வாத்தியாரா? அது சைக்கிள்ல வர்ற சாமி. பஞ்சர் ஆச்சுன்னா சாமியே தள்ளிக்கினு வரும்!"

நமச்சிவாயம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். முணுமுணுப்பு அடங்கியது. சாவு வீட்டுக்கும் உபயம் உண்டு; வேண்டுமானால் பக்கத்து வீட்டார் போய் உதவ வேண்டும் என்று முடிவாயிற்று. சிரிப்பு அடங்கிய பிறகும் கங்கையம்மாள் உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்குது" என்றார். "அன்னிக்கி ரேணுகா நின்னுக்கினு இருந்தத நா பாத்தேன். கையில கரண்டிய வெச்சுக்கினு பாத்துக்கினே இருந்தேன். போவல. இனிமே எனக்கு இந்தத் தலைவி பட்டம் வாணாம்."

ஆசிரியர் சொன்னார்: "விலகுறது சுலபம்மா. அதை வருஷக் கடைசியில பாக்கலாம். முதல்ல பொண்ணு வரணும்."

அன்றே கமலவேணியிடம் போய், சபை சொல்லவில்லை, தாம் சொன்னதே என்றார் கங்கையம்மாள். கமலவேணி வியப்படையவில்லை.

"நெனச்சேன். அந்தோணி அண்ணனுக்குத் தெரியாம சபை ஒண்ணு கூடுமா? எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவ கிட்டப் போயிச் சொல்லுங்க. நா சொன்னா கேக்க மாட்றா. தறி வூடே பரவால்லன்றா."

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் கங்கையம்மாள் சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்தார். தறி வீட்டுக்காரரின் மனைவி அவரைப் பின்பக்கம் வரச் சொன்னார். தாழ்வாரத்தில் ரேணுகா இராட்டை முன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள்:

"பெரியம்மா, அன்னிக்கி நீ அடுப்பாண்ட இருந்த தானே?"

"இருந்தேன்."

"என்ன பாத்தியா?"

கங்கையம்மாள் விடை சொல்வதற்குள் ரேணுகாவே தொடர்ந்தாள். "நீ பாத்திருக்க மாட்டேன்னு அம்மா சொல்லிச்சு. ஈர வெறகு, பொகையில கண்ணு தெரிஞ்சிருக்காது, பாத்திருந்தா பெரியம்மா ஓடியாந்திருப்பான்னு சொல்லிச்சு."

முகத்துக்கு நேரே கங்கையம்மாளைத் தலைவியம்மா என்று ஏளனமாக அழைத்த கமலவேணி, மகளிடம் இவ்வாறு அவருக்காகப் பேசியிருக்கிறார். அந்தப் புகையை ஏற்றுக்கொண்டால் போதும், சிறுமி நம்பிவிடுவாள், ஒருவேளை இன்றே எழுந்தும் வந்துவிடுவாள்.

"பொக இருந்துச்சு" என்றார். "ஆனா பாத்தேன்."

சக்கரம் நின்றது.

"ஏன் வரல?"

"வெக்கமா இருந்துச்சு. உங்கம்மா கிட்ட பொய் சொல்லிட்டேன். சபை ஒண்ணும் சொல்லல. நா தான் சொன்னேன். உன்ன அங்க பாத்ததும், செஞ்சது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் வரல."

"அப்ப தீட்டு?"

"உங்கப்பா செத்தது உம்மேல ஒட்டல. உங்கம்மா மேலயும் ஒட்டல. பொன்னி நா சொன்னதச் சொன்னா. நா சொன்னது பொய்."

ரேணுகா குனிந்து பார்த்தாள். நூல் அறுந்திருந்தது. அதை முடிந்து, குழலில் பொருத்தினாள். "இந்தத் தார முடிக்கணும். அந்தம்மா திட்டும். நீ போ பெரியம்மா" என்றாள்.

கங்கையம்மாள் தனியாகத் திரும்பி வந்தார். வழியெல்லாம், புகை என்றே சொல்லியிருக்கலாமோ என்ற எண்ணம் விடவில்லை. பெண்ணின் படிப்பு தம் ஒரு சொல்லில் இருந்தபோது உண்மை பேசித் தம் மனத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டோமோ என்று தோன்றியது.

அந்த வாரத்திலேயே கமலவேணி வீட்டுக்கு உபயம் வைக்கப்பட்டது. சபை கேட்டது, கமலவேணி மறுக்கவில்லை. "என் புருசன் வந்து ஆக்குன எடம். நா ஏன் வரமாட்டேன்?" என்று மட்டும் அந்தோணியிடம் சொன்னாராம். விடியற்காலையில் அரிசியுடன் வந்தார், தனியாக வந்தார். மணி அடிக்கும் நேரம் கடந்தும் நமச்சிவாயம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமே போய் அடித்தார். வாய்ப்பாடு பாதி முடிந்தபோது ரேணுகா வந்தாள். பொன்னி நகர்ந்து இடம் விட்டாள். ரேணுகா அங்கே உட்காரவில்லை. சுவரோரம் தனியாக உட்கார்ந்து பலகையை எடுத்தாள்.

அவள் அதன் பிறகு ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் நிற்கவில்லை. அடுத்த ஆனியில் அவளும் பொன்னியும் நகரத்துப் பள்ளிக்குச் சென்றார்கள். சேர்ந்தே நடந்துபோனார்கள்; பழைய சிநேகிதம் மெதுவாகத் திரும்பியது. வருடக் கடைசியில் கங்கையம்மாள் தலைவி பதவியை அந்தோணியிடம் விட்டார். காலனியில் சாவு விழுந்த வீட்டின் உபயத்துக்கு உதவிக்குப் போகும் பழக்கத்தை மட்டும், கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி முறை வைத்துச் சமைப்பது நின்றுபோகும் வரை அவர் விடவில்லை. யாரும் கூப்பிடாமலே போவார். இவை பின்னர் நடந்தவை.

அந்த உபய நாளின் நண்பகலில், பட்டறையில் சற்று நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கங்கையம்மாள் பள்ளிக்கு வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் வரிசையிலேயே உட்கார்ந்தார். தில்லையம்மாளின் பிள்ளைகள் மூவரும் அருகே இருந்தார்கள். அவர் உண்பதை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். கமலவேணி சோற்றுக் கூடையோடு வரிசையில் வந்தார். ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் குனிந்து சோறு வைத்து, "போதுமா கண்ணு? இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். தில்லையம்மாளின் கடைசிப் பிள்ளை இரண்டு முறை வாங்கிக்கொண்டான்.

கங்கையம்மாளின் முறை வந்தது. கமலவேணி ஒரு கரண்டி சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார். ஒன்றும் கேட்காமல் அடுத்த பிள்ளைக்குப் போனார்.

கங்கையம்மாள் தட்டில் இருந்ததை மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் உண்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிற்பகல் வேலைக்காகப் பிள்ளையார்பாளையத்தை நோக்கி நடந்தார்.